மேனியும் ஈரலும்: கீழாநெல்லி முதல் தண்ணீர்ப் பந்தல் வரை

(ஆலயத் திருவிழாவையொட்டி மண்டபத்தில் நடைபெற்ற உடல்நலச் சொற்பொழிவில், செயற்குழு உறுப்பினரும் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, முகம் தெளிவு பெறக் கல்லீரலைப் பேணும் உணவும் மூலிகையும் என்பதாகும். மாதர் பிரிவினர் கேட்டுக்கொண்ட தலைப்பு இது. நான் வைத்தியன் அல்லேன். மருந்து எழுதிக் கொடுக்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும் ஒரு பாடத்தைப் படித்து, புரிந்துகொண்டு, பிறருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது என் தொழிலாக இருந்தது. அந்த உரிமையில் பேசுகின்றேன்.

முதலில் ஈரல் என்ன செய்கின்றது என்று பார்ப்போம். வலப்பக்க விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கும் இந்த உறுப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை உடையது. நாம் உண்ணும் சோறும் குடிக்கும் பானமும் குடலில் ஜீரணமாகி இரத்தத்தில் கலந்தவுடன், அந்த இரத்தம் நேரே இருதயத்திற்குப் போவதில்லை. ஒரு தனிக்குழாய் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகின்றது. கிள்ளான் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் எந்தச் சரக்கு வந்து இறங்கினாலும் சுங்க அதிகாரி திறந்து பார்க்காமல் வெளியே விடமாட்டார் அல்லவா? நம் உடம்பில் அந்த அதிகாரி ஈரல்தான். எதைச் சேமிப்பது, எதை மாற்றுவது, எதைப் பித்தநீரோடு கழித்துக் கட்டுவது என்று இரவு பகலாக அது தீர்மானிக்கின்றது. அதனுடைய இன்னொரு பெருமை, வெட்டினாலும் வளர்வது. பிள்ளைக்காகத் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தானம் கொடுத்த தாய்க்கு, சில மாதங்களிலேயே மீதி ஈரல் பழைய அளவை ஒட்டி வளர்ந்துவிடுகின்றது.

இந்த அதிகாரியிடம் ஒரு குறையும் உண்டு. அவர் புகார் சொல்வதில்லை. ஈரல் பாதி கெடும் வரையில் வலியே தெரியாது என்பதுதான் இந்த நோயின் பயங்கரம். ஆகவே மேனியில் தெரியும் சில அடையாளங்களை நாம் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

மஞ்சள் காமாலை எல்லாருக்கும் தெரியும். தோல் மஞ்சளாவதற்கு முன்பே கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். நம்மைப் போன்ற கருத்த மேனியருக்குத் தோலைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், கண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் பகல் வெளிச்சத்தில். சிறுநீர் கடுந்தேயிலை நிறத்தில் போவதும், மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போவதும் அதன் உடன்பிறப்புகள். இரண்டாவது அடையாளம் அரிப்பு. தடிப்போ சொறியோ இல்லாமல் உடம்பெல்லாம் அரிப்பது, குறிப்பாக இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பது, பித்தநீர் தடைப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். கர்ப்பிணிப் பெண்களுக்குக் கடைசி மூன்று மாதங்களில் இப்படி அரித்தால், வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கே ஆபத்து வரக்கூடிய நிலை அது. அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். மூன்றாவது, உள்ளங்கை சிவந்திருப்பதும், நெஞ்சிலும் தோளிலும் சிலந்திக் கால் போலச் சிவப்பு நரம்புகள் படர்வதும். நீண்ட காலம் குடித்தவர்களிடம் இதைக் காணலாம்.

இந்தக் கூட்டத்தில் பலர் எதிர்பார்த்து வந்திருப்பது முகப்பருவைப் பற்றி என்பது எனக்குத் தெரியும். முகப்பரு ஈரல் அழுக்கினால் வருவதன்று. தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள், ஹார்மோன்கள், ஒருவகைக் கிருமி ஆகியவை சேர்ந்து செய்யும் வேலை அது. ஈரலைக் கழுவினால் பரு போகும் என்று சொல்லிப் பொட்டலம் விற்பவர்களுக்கு லாபம் வரும். பருவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சர்க்கரையும் மாவும் மிகுந்த சாப்பாடு பருவை அதிகப்படுத்துவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அதே சாப்பாடுதான் ஈரலையும் கெடுக்கின்றது. அந்த விதத்தில்தான் இவை இரண்டிற்கும் உறவு.

உண்மையிலேயே ஈரலோடு தொடர்புள்ள ஒரு தோல் மாற்றம் நம் பிள்ளைகளிடம் நிறையக் காணப்படுகின்றது. அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட்டுத் துணி போலத் தடித்திருக்கும். தாய்மார்கள் அதை அழுக்கு என்று எண்ணிப் பீர்க்கங்கூடு கொண்டு தேய்க்கின்றார்கள். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்க்கின்றார்கள். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வதையும் நான் கண்டிருக்கின்றேன். அன்புத் தாய்மார்களே, அது அழுக்கன்று, தேய்த்தால் போகாது. இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரப்பதால் தோல் அப்படித் தடிக்கின்றது. உடல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போகும்போது அது கூடுதலாகச் சுரக்கின்றது. அதே சமயம் உள்ளே ஈரல், மிஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றித் தன்மேலேயே சேமித்துக்கொள்கின்றது. இதைத்தான் கொழுப்பு ஈரல் என்கின்றோம். வெளியே கழுத்துக் கருமை, உள்ளே கொழுப்பு ஈரல், சில ஆண்டு கழித்து இனிப்பு நீர். ஒரே மரத்தின் மூன்று கிளைகள் இவை.

2019ஆம் ஆண்டில் நம் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவிகிதத்தினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே அது 30 சதவிகிதத்தையும் தாண்டியது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். இந்த மண்டபத்திலுள்ள நாற்காலிகளை மூன்று மூன்றாக எண்ணிப் பாருங்கள்.

கழுத்துக் கருமைக்கு வெளிப்பூச்சு தேடிப் போகின்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகளில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்திருப்பதைக் கண்டறிந்து, நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. அடிக்கடி தடை அறிவிப்பு வெளியிட்டு வருகின்றது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எடை குறைந்தால் கழுத்து தானாகவே தெளியத் தொடங்கும். அதைவிடச் சிறந்த களிம்பு கிடையாது.

இனி மூலிகைக்கு வருகின்றேன். ஈரல் என்றதும் நம் நாவில் முதலில் வரும் பெயர் கீழாநெல்லி. நெல்லி இனத்தைச் சேர்ந்த சிறு செடி. இலைக் காம்பின் கீழ்ப்புறத்தில் குட்டி நெல்லி போன்ற காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இந்தப் பெயர். மலாய்க்காரர்கள் இதையே டுக்கோங் ஆனாக் என்கின்றார்கள், பிள்ளையை இடுப்பில் தூக்கியிருப்பது என்று பொருள். சீனர்கள் இலைக்குக் கீழே முத்து என்னும் பொருளில் பெயர் வைத்திருக்கின்றார்கள். மூன்று இனத்தாரும் ஒரே செடியின் அடிப்புறத்தைத்தான் திருப்பிப் பார்த்திருக்கின்றார்கள்! நம் வீட்டுப் பூச்சட்டியிலும் கால்வாய் ஓரத்திலும் கேட்காமலேயே முளைக்கும் செடி இது.

இதற்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. அதைத் தமிழர்கள் ஒவ்வொருவரும் முழுமையாக அறிய வேண்டும். பாதி மட்டும் அறிந்ததனால்தான் தொல்லை. ஹெபடைட்டிஸ் பி என்னும் ஈரல் நோய்க்கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க விஞ்ஞானி பாரூக் புளும்பெர்க். அவருடைய குழுவினர் நம் கீழாநெல்லியின்பால் ஆர்வம் கொண்டு, 1987இல் வுட்சக் என்னும் அணில் இனத்து விலங்குகளிடம் அதைச் சோதித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராசன் அவர்கள், இவர் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார், புளும்பெர்க்குடன் இணைந்து மனிதர்களிடம் சோதனை நடத்தினார். கிருமியை நெடுநாள் உடலில் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுக்கப்பட்டது. 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் போலி மாத்திரை கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 1988இல் இங்கிலாந்தின் லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழ் இதை வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சித்த மருத்துவம் வென்றது என்று தமிழுலகம் பூரித்தது. பூரிக்க வேண்டிய செய்திதான்.

கதை அத்தோடு முடியவில்லை. 1990ஆம் ஆண்டில் தாய்லாந்து மருத்துவர்கள் அதே செடியைக் கொடுத்துப் பார்த்து, கிருமி அகலவில்லை என்று அதே லான்செட்டில் எழுதினார்கள். வேறு நாடுகளிலும் முதல் சோதனையின் வெற்றி திரும்ப வரவில்லை. 2011இல் காக்ரேன் என்னும் அமைப்பு, அதுவரை நடந்த சோதனைகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்து, இந்த நோய்க்குக் கீழாநெல்லி பலன் தருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடிவு கூறியது. செடியின் வகை வேறுபட்டதா, மண் வேறுபட்டதா, முதல் சோதனை சிறியதாக இருந்ததுதான் காரணமா என்று அறிஞர்கள் விவாதித்தார்கள். நம் மருந்துக் கடைகளில் 1988ஆம் ஆண்டுச் செய்தி இன்னமும் உயிரோடு இருக்கின்றது; 1990ஆம் ஆண்டுச் செய்தி வந்து சேரவேயில்லை.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாகக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்துக் காமாலை குணமானவர்கள் பொய் சொல்கின்றார்களா? இல்லை. அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் ஹெபடைட்டிஸ் பி கூட 100 பேரில் 95 பேருக்குத் தானாக விலகிவிடும். குணமாகின்ற சமயத்தில் கையில் எந்த டம்ளர் இருந்ததோ அதற்குப் புகழ் சேர்கின்றது. ஆனால் பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் கணக்கு தலைகீழ். 100 குழந்தைகளில் ஏறத்தாழ 90 குழந்தைகள் ஆயுள் முழுவதும் கிருமியைச் சுமக்கின்றார்கள். அவர்களுக்கு வலியில்லை, காமாலையில்லை. 40, 50 வயதில் ஈரல் சுருங்கியோ புற்றுநோய் கண்டோ திடீரென்று படுக்கையில் விழுகின்றார்கள்.

காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று, பல நோய்களின் முகம் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் காமாலை. கணையத்தில் கட்டி வந்தாலும் காமாலை. வெள்ளத்திற்குப் பிறகு வரும் எலிக்காய்ச்சலிலும் காமாலை. கட்டியினால் வந்த காமாலைக்கு மூன்று வாரம் கீழாநெல்லி குடித்துக் காத்திருந்தால், அறுவை செய்யக்கூடிய காலம் கடந்துபோகும். என் கவலை எல்லாம் அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான். செடி கெடுதல் செய்யாமல் இருக்கலாம். காத்திருப்பது கெடுதல் செய்கின்றது.

பிறந்த குழந்தையின் காமாலை இன்னும் அவசரம். ஜி6பிடி என்னும் நொதி குறைவான குழந்தைகளைக் கண்டறிய நம் அரசாங்க மருத்துவமனைகளில் 1980களிலிருந்தே தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கின்றார்கள். அத்தகைய குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டை வைத்த பெட்டித் துணியைக்கூட எடுத்துச் சுற்றலாகாது. பச்சிளங்குழந்தைக்கு மூலிகைச் சாறு புகட்டுவதும், காலை வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடுவதும் வேண்டாம். மிதமிஞ்சிய மஞ்சள், குழந்தையின் மூளையையும் காதையும் பாதிக்கும்.

ஆகவே இந்த மேடையிலிருந்து நான் வேண்டிக்கொள்வது இது. நம் நாட்டில் எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது 1989ஆம் ஆண்டில். அதற்கு முன் பிறந்தவர்கள் தங்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். கிருமி இருந்தால் அதைக் கட்டுப்படுத்த டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. ஹெபடைட்டிஸ் சி என்னும் இன்னொரு கிருமி, 1989இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகையால் அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு யாரும் சோதித்துக் கொடுத்திருக்க முடியாது. பிரசவத்திலோ விபத்திலோ அந்தக் காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்ட பாட்டிமார்கள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கு நல்ல செய்தி இருக்கின்றது. இந்நோய்க்கான சோஃபோஸ்புவிர் மாத்திரையின் விலை மலை போல் இருந்த நேரத்தில், 2017ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் காப்புரிமையை ஒதுக்கிவைத்து மலிவு மருந்தை வரவழைக்கத் துணிந்தது. 2018இலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் அச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கின்றது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளிடம் சோஃபோஸ்புவிரோடு ராவிடாஸ்விர் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தபோது, 12 வாரத்திற்குப் பிறகு 97 சதவிகிதத்தினர் குணமடைந்திருந்தார்கள். கீழாநெல்லியிடம் நாம் எதிர்பார்த்த அற்புதம், வேறொரு கிருமிக்கு, வேறொரு மருந்தால், நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றது. கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். கோப்பிக்கடையில் ஒரு கோப்பி அதைவிட விலை அதிகம்.

மற்ற மூலிகைகளைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. கரிசலாங்கண்ணியை வள்ளலார் பெருமான் மிக உயர்வாகப் போற்றினார் என்பது சன்மார்க்க அன்பர்கள் அறிந்ததே. அதைக் கீரையாகச் சமைத்து உண்பதில் எந்த ஆட்சேபமும் இல்லை. மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, பாகற்காய், வேப்பம்பூ இரசம், மஞ்சள் போட்ட பருப்பு, இவையெல்லாம் உணவாக உண்ணும் வரையில் அமுதம். பொடியாக்கி, சாறாக்கி, மாத்திரைக்குள் செறிவாக அடைத்து விற்கும்போது அது வேறு பொருளாகிவிடுகின்றது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்தி வேண்டிச் சீந்தில் கொடியைத் தொடர்ந்து சாப்பிட்ட 6 பேர் ஈரல் பாதிப்போடு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது உண்மைதான். ஆயினும் எச்சரிக்கையாக இருப்பதில் நஷ்டமில்லை. ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் மருந்து அமைப்பு 2023இல் மஞ்சள் மாத்திரைகளைப் பற்றி இத்தகைய எச்சரிக்கை விடுத்தது. சாம்பாரில் போடும் ஒரு சிட்டிகை மஞ்சளை அது குறை சொல்லவில்லை. நம் நாட்டில் பாரம்பரிய மருந்து வாங்கினால், பெட்டியில் மால் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கின்றதா என்று பாருங்கள். பதிவில்லாத சில ஜாமுக்களில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றது. சாப்பிட்டவுடன் வலி பறந்துபோகும் மருந்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

ஈரல் கழுவும் வைத்தியம் என்று இன்னொன்று. ஆப்பிள் சாறு, ஒலிவ எண்ணெய், எலுமிச்சம்பழச் சாறு குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாகக் கற்கள் வெளியேறும் என்பார்கள். 2005இல் லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. அப்படி வெளியேறிய கற்களைப் பரிசோதித்தால் பித்தப்பைக் கல்லே இல்லை. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சவர்க்காரமாக உறைந்த உருண்டைகள்! காலையில் குடித்ததையே மாலையில் கல்லென்று காட்டுகின்றார்கள்.

அன்பர்களே, திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கின்றது, 95ஆவது அதிகாரம். அதில் ஒரு மூலிகையின் பெயராவது இருக்கின்றதா என்று வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பாருங்கள். இல்லை. முன்னது செரித்த பின் உண்பது, பசியறிந்து உண்பது, அளவறிந்து உண்பது என்றே வள்ளுவர் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கின்றார். ஈரலுக்கு எதைக் கொடுப்பது என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கின்றோம். எதைக் கொடுக்காமல் இருப்பது என்பதே சரியான கேள்வி.

கொடுக்கக் கூடாதவற்றில் முதலாவது மது. தோட்டத்துக் கள்ளுக்கடையும் அதன் பிறகு வந்த மலிவுச் சம்சுவும் நம் சமுதாயத்தில் எத்தனை குடும்பத்தைச் சாய்த்தன என்பதை இங்குள்ள முதியவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஈரலைப் பொறுத்தவரை பீர் என்றும் பிராந்தி என்றும் ஜாதி வேறுபாடு கிடையாது. காவல் தெய்வத்துக்குப் படைத்த பாட்டிலாக இருந்தாலும் ஈரலுக்குப் பிரசாதம் ஆகிவிடாது. படையல் படையலோடு நிற்கட்டும். இதை மட்டும் சொல்லிவிட்டுச் சைவ அன்பர்களைத் தப்பவிட மாட்டேன்.

கறி தொடுவதில்லை, முட்டை தொடுவதில்லை, எனக்கு எப்படிக் கொழுப்பு ஈரல் வரும் என்று கேட்கின்றார்கள். ஈரலில் சேரும் கொழுப்பு ஆட்டிலிருந்து வரவேண்டியதில்லை. சீனியிலிருந்தே ஈரல் அதைச் சமைத்துக்கொள்ளும். காலையில் பசியாற இரண்டு ரொட்டி சானாய், டின் பால் ஊற்றிய தே தாரிக். பத்து மணிக்கு மைலோவும் பிஸ்கட்டும். மதியம் மலை போல வெள்ளைச் சோறு. மாலையில் கோயிலில் சர்க்கரைப் பொங்கலும் கேசரியும். இரவு கறிக்கடை மாமியில் மறுபடியும் ரொட்டி, மறுபடியும் தே தாரிக். இந்தப் பட்டியலில் ஒரு துண்டு இறைச்சி இல்லை. ஈரலுக்குத் தப்பும் இல்லை. கருப்பட்டியும் தேனும் இயற்கையானவை என்று சமாதானம் சொல்லாதீர்கள். ஈரல் அவற்றையும் சர்க்கரை என்றே கணக்கெழுதும். சர்க்கரைப் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு வரி விதித்தபோது பலர் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை.

மாற்று வழி கடினமானதன்று. தேயிலையைத் தே ஓ கோசோங் என்று கேட்டுக் குடியுங்கள். இரண்டு வாரம் கசக்கும், பிறகு டின் பால்தான் கசக்கும். கோப்பி குடிப்பவர்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி: அன்றாடம் கோப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் சுருக்கம் குறைவாக வருவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. சீனி இல்லாத கோப்பியைச் சொல்கின்றேன். நம் ஊர்க் கோப்பிக் கொட்டையையே சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கின்றார்கள் என்பதையும் மறவாதீர்கள். சோற்றை ஒரு கைப்பிடி குறைத்து அந்த இடத்தில் கீரையையும் பருப்பையும் வையுங்கள். சுண்டலைப் போல ஒரு நல்ல சிற்றுண்டி உலகத்தில் இல்லை. நவராத்திரி ஒன்பது நாளோடு அதை நிறுத்திவிடுவது நம் அறியாமை. நாள்தோறும் அரைமணி நேரம் நடங்கள். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு கரையத் தொடங்கும்; 6 முதல் 8 கிலோ வரை குறைத்தால் ஈரலின் வீக்கமும் தணியும் என்பது மருத்துவர்கள் கண்ட கணக்கு. மாத்திரை வலியோருக்கு ஒரு வார்த்தை: பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 8க்கு மேல் போகவே கூடாது, சளி மருந்துக்குள்ளும் அதுவே ஒளிந்திருக்கும், ஈரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

ஏற்கெனவே ஈரல் சுருக்கம் உள்ளவர்களின் வீட்டாருக்கு ஒன்று. பத்தியம் என்ற பெயரில் வெறும் மோர்ச் சோறும் கஞ்சியுமாகக் கொடுத்து அவர்களை எலும்பாக்கிவிடாதீர்கள். பழைய காலத்தில் புரதம் கூடாது என்றார்கள். இன்றைய மருத்துவம் அதை மாற்றிக்கொண்டுவிட்டது. பருப்பு, தயிர், அசைவர்களுக்கு முட்டை மீன் ஆகியவை வேண்டும். இரவு படுக்குமுன் சிறிது உணவும் வேண்டும். உப்பைக் குறைப்பது மட்டும் உண்மையான பத்தியம், வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு அது கட்டாயம்.

இறுதியாக, நன்கொடையாளப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். தைப்பூசத்திற்கு நாம் அமைக்கும் தண்ணீர்ப் பந்தலில் வெயிலில் நடந்து வரும் பக்தர்களுக்குச் சிவப்புச் சிரப்பும் பெட்டிப் பானமும் கொடுத்து வருகின்றோம். கொடுப்பவர் மனம் பெரியது. பானத்திலோ சீனியே பெரியது. மூவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் உள்ள கூட்டத்திற்கு நாம் எதைப் புண்ணியம் என்று கொடுக்கின்றோம் என்று செயற்குழுவில் விவாதித்தோம். வருகின்ற தைப்பூசத்திற்குச் சிரப்பை நிறுத்திவிட்டு, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்ட நீர்மோரும் வெறும் குளிர்ந்த தண்ணீரும் வழங்குவதென்று முடிவாகியிருக்கின்றது. வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் கேசரிக்குப் பதிலாக மாதத்தில் இரண்டு வாரம் சுண்டலும் ஒரு கீரையும் சேர்ப்பதாகவும் முடிவு. பாயசம் இல்லாவிட்டால் அன்னதானமா என்று கேட்ட பெரியவர் ஒருவருக்காக, விசேஷ நாட்களில் பாயசம் உண்டு, சிறு கிண்ணத்தில்.

நீர்மோருக்குத் தயிரும், சுண்டலுக்குக் கொண்டைக்கடலையும் தானமாகத் தர விரும்புவோர் ஆலய அலுவலகத்தில் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். பந்தலில் கைகொடுக்க இளைஞர்கள் பன்னிரண்டு பேராவது தேவை.